மலை வீட்டு டிவிக்கு எந்த பாக்ஸ்?

டிவியில் மாட்ட ஒரு ஸ்ட்ரீமிங் பாக்ஸ் வேண்டும் என்று வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ கடையில் கேட்டால், 4கே, ரேம், ஸ்டோரேஜ் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே ஓடும் மென்பொருள் எது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். எந்த ஆப் கிடைக்கும், எத்தனை வருடம் அப்டேட் வரும், முகப்பில் யாருடைய விளம்பரம் ஓடும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தவை. கொடைக்கானல் மலையில் இருப்பவர்கள் கூடவே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நெட் போனால் இந்த பாக்ஸ் எதற்காவது ஆகுமா?

சமவெளிக்காரர்கள் எழுதும் ஒப்பீடுகளில் இந்தக் கேள்வி வருவதில்லை. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைச்சாலையில் ஒரு மரம் சாய்ந்தால் கரன்ட் கம்பியோடு நெட் வரும் பைபர் கேபிளும் சேர்ந்து அறுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் மலையைக் கடந்தபோது பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். பைபர் வந்துவிட்ட ஊர்களிலும், தோட்டத்துக்குள் தள்ளி இருக்கும் வீடுகளுக்கு போன் ஹாட்ஸ்பாட்தான் கதி. மேல்மலையில் மன்னவனூர், கிளாவரைப் பக்கம், எந்த ஜன்னலோரம் போனை வைத்தால் டவர் எடுக்கும் என்பது வீட்டுக் குழந்தைகளுக்கே அத்துபடி.

ஹாட்ஸ்பாட் என்றால் கணக்குப் பார்த்துத்தான் ஆக வேண்டும். நெட்பிளிக்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அளவுப்படி, சாதாரணத் தரத்தில் மணிக்கு சுமார் 1 ஜிபி, எச்டியில் 3 ஜிபி வரை, 4கேயில் 7 ஜிபி வரை செலவாகும். தினம் 2 ஜிபி பிளானில் எச்டி படம் இடைவேளை வரைகூட ஓடாது. வேகத்திலும் அப்படித்தான். முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும். இந்த மலையில் பல வீடுகளுக்கு 4கே என்பது அட்டைப்பெட்டியில் அச்சடித்த எழுத்து மட்டும்தான். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் ஒதுக்க வேண்டியது

இரண்டாயிரம் ரூபாய்க்குள் பெயர் தெரியாத பாக்ஸ் ஒன்று கிடைக்கும். ஆண்ட்ராய்டு 13, 8கே, 128 ஜிபி என்று போட்டிருப்பார்கள். வாழ்நாள் முழுக்க எல்லா சேனலும் இலவசம் என்றும் சொல்வார்கள். இதைத்தான் முதலில் கழித்துவிட வேண்டும்.

ஆண்ட்ராய்டின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்து ஒரு பாக்ஸில் போட்டு விற்கலாம். ஆனால் ஆண்ட்ராய்டு டிவி என்ற பெயரோடு விற்க கூகுளின் சான்று வேண்டும், நெட்பிளிக்ஸ் ஒழுங்காக ஓட அந்த நிறுவனத்தின் தனிச் சான்று வேண்டும். படத்தைத் திருடாமல் காக்கும் வைட்வைன் என்ற பூட்டும் ஒன்று உண்டு. அது சிப்புக்குள்ளேயே இருந்தால் எல்1, வெறும் மென்பொருளாக இருந்தால் எல்3. எல்3 மட்டும் இருக்கும் பாக்ஸில் பெரிய ஓடிடிகளின் படம் பெரும்பாலும் 480பி தரத்துக்கு மேல் வராது. 8கே பாக்ஸ் வாங்கி 480பி பார்ப்பது இப்படித்தான் நடக்கிறது.

படம் மங்கலாகத் தெரிவது சின்னக் குறை. பெரிய சங்கடம் வேறு. 2023 ஜனவரியில் டி95 என்ற மலிவு பாக்ஸை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் திறந்து பார்த்தபோது, கடைக்கு வரும் முன்பே அதில் தீநிரல் ஏற்றப்பட்டிருந்தது தெரிந்தது. அதே வருடம் பேட்பாக்ஸ் என்ற பெயரில் இதன் பெரிய வலை வெளிவந்தது. 2025 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த மாதம், 1 கோடிக்கும் மேற்பட்ட சான்றில்லாத கருவிகளில் இது பரவியிருப்பதாகச் சொல்லி கூகுள் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. இப்படிப்பட்ட பாக்ஸ் உங்கள் வீட்டு இணைப்பை யாரோ முன்பின் தெரியாதவர் பயன்படுத்த வழி விடுகிறது. அதே வைஃபையில்தான் உங்கள் வங்கி ஆப்பும் இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால் டேட்டாவும் காரணம் தெரியாமல் கரையும்.

அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. திறந்ததும் டேப்லெட் மாதிரி முகப்பு வரும், ரிமோட்டை அசைத்தால் மவுஸ் அம்பு நகரும், ஒரு ஆப்பைப் போட, கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்லும். இந்த மூன்றில் கடைசியானது வந்தால் யோசிக்கவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சான்று பெற்ற நிறுவனங்களின் பட்டியலைக் கூகுள் தன் தளத்தில் வைத்திருக்கிறது. வாங்கும் முன் போனிலேயே பார்த்துவிடலாம்.

ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி

இரண்டும் வேறு வேறு என்று நினைப்பவர்கள் உண்டு. அடியில் இருப்பது ஒன்றுதான். ஆண்ட்ராய்டு டிவி 2014-இல் வந்தது. 2020-இல் அதன் மேல் புதிய முகப்பைப் போர்த்தி கூகுள் டிவி என்று பெயர் வைத்தார்கள். அந்த முகப்பு நீங்கள் பார்ப்பதை வைத்துப் படங்களைப் பரிந்துரைக்கும். பரிந்துரைப் படங்கள் எல்லாம் நெட்டிலிருந்து இறங்க வேண்டும் என்பதால், இணைப்பு மெதுவாக உள்ள வீட்டில் முகப்பே நொண்டும். இதற்கு மாற்று அதன் அமைப்புகளிலேயே இருக்கிறது. ஆப்கள் மட்டும் தெரியும் முறைக்கு மாற்றிவிட்டால் பரிந்துரைகள் மறைந்து ஆப் வரிசை மட்டும் நிற்கும். குரல் உதவியாளர் போன்ற சில வசதிகள் போய்விடும். கீழ்மலை வீட்டுக்கு அது நஷ்டமே இல்லை என்பேன்.

இந்தத் தளத்துக்கு நான் முதலிடம் கொடுக்கக் காரணம், ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்க்கிறவர்களைக் கூகுள் கொஞ்சமாவது நினைத்துப் பார்த்திருக்கிறது. 2020-இல் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளுக்கு என்றே டேட்டா சேவர், டேட்டா எச்சரிக்கை, ஹாட்ஸ்பாட் இணைக்க வழிகாட்டி ஆகியவற்றைக் கொண்டுவந்தது. கூடவே வந்த இன்னொன்று இங்கே அதிகம் உதவும். போனில் ஃபைல்ஸ் ஆப்பில் இருக்கும் வீடியோவை டேட்டா செலவில்லாமல் டிவிக்கு அனுப்பலாம். கல்யாண வீடியோ, திருவிழாவில் எடுத்தது, நண்பர் அனுப்பியது எல்லாம் ஓடும். ஓடிடி ஆப்புக்குள் டவுன்லோடு செய்த படம் மட்டும் இதில் வராது. அது அந்த ஆப்பின் பூட்டுக்குள் இருக்கிறது. போன் ஆப்பில் டவுன்லோடு பொத்தான் இருப்பதால் டிவி பாக்ஸிலும் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நெட்பிளிக்ஸையும் யூடியூபையும் பாக்ஸில் இறக்கி வைத்துப் பார்க்க முடியாது.

ஆகவே யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஷாவ்மியின் 2020 மி பாக்ஸ் 4கே மாதிரியானவற்றில் அது உண்டு. டிவியின் பின்னால் நேராகச் செருகும் ஸ்டிக்குகளில் பெரும்பாலும் கிடையாது. யுஎஸ்பி துளையும் வீடியோ ஓட்டும் விஎல்சி ஆப்பும் இருந்தால், பைபர் அறுந்த வாரத்தில் ஒரு பென் டிரைவ் வீட்டைக் காப்பாற்றும். ரேம் 2 ஜிபிக்குக் குறைந்தால் வேண்டாம். ஸ்டோரேஜ் 8 ஜிபி என்று போட்டிருந்தால் மென்பொருளே பாதியைப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாறு ஆப் போட்டதும் இடமில்லை என்று அழும்.

குறை என்ன? அப்டேட் கூகுளிடமிருந்து நேராக வராது. பாக்ஸ் செய்த நிறுவனம் மனது வைத்தால்தான் வரும். இரண்டு வருடத்தில் மறந்துவிடும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆப்கள் தொடர்ந்து புதுப்பிக்கப்படும் என்பதால் உடனே பயனற்றுப் போகாது, அவ்வளவுதான்.

ஃபயர் டிவி

அமேசானின் ஸ்டிக் இந்தியாவுக்கு 2017-இல் வந்தது. விலை குறைவு, அமைப்பது சுலபம், ரிமோட் நன்றாக இருக்கும். டேட்டாவைக் கவனித்து வீடியோ தரத்தைக் குறைக்கும் அமைப்பு இதிலும் உண்டு. பிரைம் வைத்திருக்கும் வீட்டுக்கு, பைபர் நிலையாக இருக்கும் கொடைக்கானல் டவுனுக்கு, இது போதும்.

ஆனால் முகப்பு அமேசானின் கடைவாசல். பிரைமில் இருப்பதுதான் முன்னால் நிற்கும், விளம்பரம் பெரிதாக ஓடும். இதுவும் ஆண்ட்ராய்டிலிருந்து பிரிந்ததுதான் என்றாலும் பிளே ஸ்டோர் கிடையாது, அமேசானின் ஸ்டோரில் இருப்பதுதான் கிடைக்கும். இரண்டு நிறுவனங்கள் முறைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஸ்டிக்கிலேயே பார்த்தோம். 2018 பிறக்கும் சமயத்தில் போன யூடியூபின் சொந்த ஆப் 2019 ஜூலையில்தான் திரும்பி வந்தது. குரலுக்கு அலெக்ஸா. அவருக்கு இங்கே ஆங்கிலமும் இந்தியும்தான் தெரியும்.

2025 கடைசியில் அமேசான் இன்னொரு வேலை செய்தது. ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட் என்ற மாடலில் ஆண்ட்ராய்டை விட்டுவிட்டு, லினக்ஸ் மேல் கட்டிய வேகா என்ற சொந்த மென்பொருளைப் போட்டது. பழைய ஸ்டிக்குகளில் வெளியிலிருந்து ஒரு ஆப்பைக் கொண்டுவந்து நிறுவ முடிந்தது. வேகாவில் சாதாரணப் பயனாளிக்கு அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது. பெயரும் உருவமும் ஒரே மாதிரி இருப்பதால் கடையில் குழம்ப நேரிடும். ஆஃபர் என்றதும் எடுக்காமல், உள்ளே இருப்பது ஆண்ட்ராய்டிலிருந்து பிரிந்த பழைய ஃபயர் ஓஎஸ்ஸா வேகாவா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆப்பிளும் ரோக்குவும்

ஆப்பிள் டிவி 4கே நம் ஊரில் 2022-இல் 14,900 ரூபாய்க்கு வந்தது. பல வீடுகளில் டிவியே அந்த விலைதான். கம்பி இணைப்புக்கான ஈதர்நெட் துளை வேண்டும் என்றால் அதைவிட விலை கூடிய 128 ஜிபி மாடலுக்குப் போக வேண்டும். யுஎஸ்பி துளை கிடையாது, பென் டிரைவ் கதை நடக்காது. இத்தனைக்கும் நடுவே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2015-இல் வந்த அவர்களுடைய பெட்டிக்கு 2025-இலும் புதிய மென்பொருள் வந்தது. பத்து வருட அப்டேட் வேறு எங்கே கிடைக்கும்? வீட்டில் எல்லோரும் ஐபோன், நெட் நிலையானது, விளம்பரம் கண்ணில் படக்கூடாது என்பவர்கள் வாங்கலாம்.

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ ரோக்கு கொண்டுவந்து கொடுத்தால் அலமாரியில் வைத்துவிடுங்கள். அது அங்கே பெரிய தளம். இங்கே விற்பனைக்கே இல்லை.

அப்பா அம்மா தனியாக இருக்கும் வீடு

பண்ணைக்காட்டில் ஒரு பெரியம்மாவிடம் புது ஸ்டிக்கைக் காட்டியபோது அவர் கேட்டது: “ஏப்பா, நம்பரே இல்லாத ரிமோட்ட வச்சுக்கிட்டு நான் எப்பிடி சன் டிவி போடுறது?” எந்த ஒப்பீட்டுக் கட்டுரையிலும் இல்லாத, ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவருக்கு சேனல் எண்கள் மனப்பாடம். ஆப்பைத் திறந்து, நேரலைக்குள் போய், சேனலைத் தேடும் மூன்று படிகள் அவருக்கு மூன்று மலை.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு டிஷ்ஷும் ஆண்ட்ராய்டும் சேர்ந்த கலப்பு பாக்ஸ்தான் என் தேர்வு. ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் 2019-இல் வந்தது, டாடா ஸ்கை (இப்போது டாடா பிளே) பிஞ்ச் பிளஸ் 2020 ஜனவரியில். உள்ளே சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டிவி, பின்னால் டிஷ் கேபிள், கையில் எண்கள் உள்ள ரிமோட். எட்டரை மணி சீரியல் செயற்கைக்கோளிலிருந்து வரும், பேரன் வந்தால் யூடியூப் நெட்டிலிருந்து வரும்.

மலைக்கு இது இன்னொரு வகையிலும் பொருந்துகிறது. பைபரும் டிஷ்ஷும் ஒரே நேரத்தில் போவது அபூர்வம். டிஷ் பயன்படுத்தும் கேயு பேண்டு அலைகளைக் கனமழை உறிஞ்சிவிடும், அந்த அரை மணி படம் உறையும், மழை குறைந்ததும் தானே வந்துவிடும். பனிமூட்டம் அவ்வளவாக ஒன்றும் செய்யாது. அறுந்த பைபரை ஒட்ட ஆள் வர வேண்டும். நாம் பயன்படுத்தும் செயற்கைக்கோள்கள் நமக்கு வானத்தில் நல்ல உயரத்தில் நிற்பவை என்பதால் பள்ளத்து வீட்டுக்கும் மலை மறைக்காது. மறைப்பது டிஷ்ஷுக்கு முன்னால் வளர்ந்துவிட்ட சில்வர் ஓக் கிளைதான்.

இதில் தளத்தின் கட்டுப்பாடு டிஷ் நிறுவனத்தின் கையில். முகப்பு அவர்கள் வைத்ததுதான், அப்டேட்டும் அவர்கள் அனுப்பும்போதுதான். ரீசார்ஜ் நின்றால் சேனல் நிற்கும். பாக்ஸ் உங்களுடையதா, நிறுவனத்துடையதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் வேறு நிறுவனத்துக்கு மாறும்போது அந்தக் கேள்விதான் சண்டையாகும்.

பிஎஸ்என்எல் பைபர் வைத்திருப்பவர்களுக்கு ஐஎஃப்டிவி என்ற வழியும் இருக்கிறது. 2024 கடைசியில் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும்தான் முதலில் தொடங்கினார்கள். சேனல்கள் அவர்களுடைய வலைக்குள்ளேயே வருவதால் உங்கள் டேட்டா கணக்கில் சேராது. தொடங்கியபோது ஆண்ட்ராய்டு 10-உம் அதற்கு மேலும் உள்ள டிவிகளுக்கான ஆப்பாகத்தான் அது வந்தது. ஆண்ட்ராய்டு டிவி பக்கம் சாய இதுவும் ஒரு காரணம். டிஷ் மாதிரி தனி வழி இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம், பைபர் அறுந்தால் இதுவும் சேர்ந்து போகும்.

விருந்தினர் அறை

வட்டக்கானல், வில்பட்டி, பேத்துப்பாறைப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களின் தேவை வேறு. இ-பாஸ் எடுத்து மலை ஏறி வருகிறவர் இரண்டு ராத்திரி தங்குவார். தன் நெட்பிளிக்ஸை டிவியில் திறப்பார், மூடாமல் கிளம்பிவிடுவார். அடுத்து வருகிறவர் அவருடைய கணக்கில் படம் பார்ப்பார். உரிமையாளரே தன் கணக்கை எல்லா அறைக்கும் போட்டுவைப்பதும் சரியில்லை. நெட்பிளிக்ஸின் விதிப்படி அது தனிப்பட்ட, வணிகமல்லாத பயனுக்கானது, ஒரு வீட்டாருக்கு மட்டும்.

இங்கே ஃபயர் ஸ்டிக் தோற்கிறது. அந்த ஸ்டிக் முழுவதும் ஒரு அமேசான் கணக்கில் பதிவாகிறது, பிரைம் வீடியோவும் அதையே பிடித்துக்கொள்ளும். விருந்தினர் தன் பிரைமைப் பார்க்க உங்கள் பதிவையே கழற்ற வேண்டி வரும். பின் எண் போடாமல் விட்டால் உங்கள் கணக்கில் படம் வாடகைக்கு எடுக்கவும் முடியும். கூகுள் டிவியில், பணம் செலுத்தும் கார்டு எதுவும் இணைக்காத தனி கூகுள் கணக்கு ஒன்றைப் போட்டு வையுங்கள். ஒவ்வொரு ஓடிடியிலும் விருந்தினர் தன் கணக்கில் நுழைந்துகொள்வார். அவர் கிளம்பியதும் அறையைக் கூட்டும்போதே, அமைப்புகளில் ஆப்களுக்குப் போய் அந்த ஆப்பின் டேட்டாவை அழித்துவிட்டால் கணக்கு வெளியேறிவிடும். முழு பாக்ஸையும் ரீசெட் செய்யத் தேவையில்லை, அது நீண்ட வேலை.

போனில் ஓடுவதை டிவிக்கு அனுப்பும்படி, அதாவது காஸ்ட் செய்யச் சொன்னால் இந்தத் தொல்லையே இல்லையே என்று தோன்றும். பாதி உண்மை. 2025 கடைசியில் நெட்பிளிக்ஸ், ரிமோட்டோடு வரும் பெரும்பாலான பாக்ஸ்களுக்கும் டிவிகளுக்கும் போனிலிருந்து காஸ்ட் செய்வதை நிறுத்திவிட்டது. யூடியூபுக்கு இன்னும் நடக்கிறது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. எல்லா அறையும் ஒரே வைஃபையில் இருந்தால் எல்லா பாக்ஸும் எல்லோருடைய போனிலும் தெரியும். ஒரு அறைக் குழந்தை போட்ட ரைம்ஸ் அடுத்த அறைத் தம்பதியின் டிவியில் பாடும். பாக்ஸுகளுக்கு அறைப் பெயரை வைப்பது குறைந்தபட்சத் தீர்வு. அறைக்கு அறை தனி வைஃபை கொடுக்கும் ரவுட்டர் போட முடிந்தால் நல்லது. ரவுட்டரில் ஒரு கருவியை மற்றொன்றுக்குத் தெரியாமல் மறைக்கும் வசதியைத் தட்டிவிட்டால் காஸ்ட் மொத்தமாக நின்றுவிடும்.

சொந்த சேமிப்பு உள்ளவர்களுக்கு

ஹார்டு டிஸ்க் நிறையக் குடும்ப வீடியோ, வாங்கிய டிஸ்க்குகளிலிருந்து எடுத்த பாட்டு என்று வைத்திருப்பவர்களுக்குக் கோடி என்ற மென்பொருள் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் எக்ஸ்பாக்ஸுக்காகப் பிறந்தது, 2014-இல் இப்போதைய பெயர் வந்தது. முழுக்க இலவசம், திறந்த மூலநிரல், விளம்பரம் இல்லை, நெட் இல்லாமலே ஓடும். சான்று பெற்ற ஆண்ட்ராய்டு பாக்ஸில் பிளே ஸ்டோரிலிருந்தே போடலாம். தனியாக வேண்டும் என்றால் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையில், கோடியை ஓட்டுவதற்கென்றே உள்ள லிப்ரெலெக் மென்பொருளைப் போட்டு அதையே பாக்ஸாக்கலாம். பெரிய ஓடிடிகளின் அதிகாரப்பூர்வ ஆப் எதுவும் அதில் வராது என்பதால் வீட்டின் ஒரே பாக்ஸாக அதை வைக்க வேண்டாம்.

பை வைப்பவர்கள் கரன்ட்டை யோசிக்க வேண்டும். அது மெமரி கார்டிலிருந்து ஓடுவது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கார்டில் உள்ளது கெட்டுப்போகலாம், அப்புறம் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். ரவுட்டருக்கும் பைபர் மோடத்துக்கும் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று போட்டுவிட்டால் கரன்ட் விட்டு விட்டு வரும் சாயங்காலங்களில் இணைப்பு அறுபடாது. ஸ்டிக்குக்கு டிவியின் யுஎஸ்பியிலிருந்து கரன்ட் எடுக்க வேண்டாம். டிவியை அணைக்கும்போதெல்லாம் அதுவும் அணைந்து, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கிளம்பும். சில டிவிகளின் யுஎஸ்பி அதற்குப் போதுமான கரன்ட்டும் தராது, பாதிப் படத்தில் நிற்கும். கூட வந்த அடாப்டரையே செருகுங்கள்.